பைசன் வேட்டைக்காரர்கள் ஏன் பாதியில் சுடுவதை நிறுத்தினார்கள்?

1870களில் அமெரிக்கச் சமவெளியில் தோலுக்காக பைசன் என்ற காட்டுமாடுகளை வேட்டையாடியவர்கள், மந்தை கண்முன்னே நின்றபோதும் ஏன் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள் என்பதுதான் கேள்வி. பாட்டில்நெக் என்று சொல்வார்களே, ஒரு வேலைச் சங்கிலியில் ரொம்ப மெதுவாக நகரும் கண்ணி, அதுதான் காரணம்.

சுடுவது வேகமான வேலை. முன்னால் போகும் பெண் பைசனை முதலில் வீழ்த்திவிட்டால் மற்றவை ஓடாமல் குழம்பி அங்கேயே சுற்றும், ஷார்ப்ஸ் என்ற நெடுந்தூரத் துப்பாக்கியோடு தூரத்தில் படுத்திருப்பவன் ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டே போகலாம். ஆனால் தோலை உரிப்பது கூட வந்த இரண்டு மூன்று பேர்தான். உடல் சூடாக இருக்கும்போதே உரிக்க வேண்டும். விட்டால் விறைத்துவிடும், குளிர்காலத்தில் உறைந்தே போகும், தோல் வீண். அதனால் அன்றைக்கு எத்தனை உரிக்க முடியுமோ அத்தனைதான் சுடுவது. டிபன் கடையில் மாவு அண்டா அண்டாவாக இருந்தாலும் தோசைக்கல் ஒன்று என்றால் கல்லின் வேகம்தானே கடையின் வேகம்!

அப்புறம் தோலைத் தரையில் முளையடித்து விரித்துக் காயவைத்து, அடுக்கி, வண்டியில் கன்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டி என்ற ஊருக்கு ஏற்றுவார்கள். 1872இல் அங்கே ரயில் வந்த பிறகுதான் கிழக்கே இருந்த தோல் ஆலைகளுக்குக் கட்டுக்கட்டாக அனுப்ப முடிந்தது. தொழிற்சாலை இயந்திரங்களின் பெல்ட்டுக்கு அந்தத் தோல் தேவைப்பட்டது.

இந்த அளவுக் கட்டுப்பாட்டை விலங்குகள் மேல் வைத்த அக்கறை என்று நினைக்கத் தோன்றலாம், அப்படி இல்லை: இறைச்சியில் பெரும்பகுதி அங்கேயே அழுகியது, 1880களின் நடுவுக்குள் பெரிய மந்தைகளே இல்லாமல் போயின.