மகன் ஓட்டட்டும், அந்த லைசன்ஸை மட்டும் வாங்காதீர்கள்

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு ஸ்பெயின் போகிறோம். மாலகாவில் நான்கு நாள் தங்கல். ஒரு நாள் வாடகைக் கார் எடுத்து, மலை மேல் இருக்கும் ஃப்ரிஹிலியானா என்ற வெள்ளை ஊருக்குப் போய் வரலாம் என்கிறான் மகன். அவனிடம் தமிழ்நாட்டு லைசன்ஸ்தான் இருக்கிறது. ‘சர்வதேச லைசன்ஸ், மூன்றே நாளில் வீட்டுக்கு வரும்’ என்று இணையத்தில் விளம்பரம் பார்த்தோம். வாங்கலாமா? மலைச் சாலை வேறு பயமாக இருக்கிறது. (வாசகி, கோவை)

பதில்: வாங்காதீர்கள். ஊரைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் இது.

ஸ்பெயினில் ஓட்ட உங்கள் மகன் கையில் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று நம் ஊர் அசல் லைசன்ஸ். இன்னொன்று ஐ.டி.பி. எனப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி. இது தனி லைசன்ஸ் அல்ல, நம் லைசன்ஸை வெளிநாட்டுக்காரர் படித்துப் புரிந்துகொள்ள ஒரு துணைப் புத்தகம், அவ்வளவுதான். சாலைப் போக்குவரத்துக்கான 1949-ம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி நம் நாட்டில் இதை ஆர்.டி.ஓ. அலுவலகம் கொடுக்கிறது. அரசின் பரிவாஹன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 1,000 ரூபாய். ஒரு வருடம்தான் செல்லும். ‘மூன்று வருடம்’, ‘பத்து வருடம்’ என்று எவராவது விற்றால் அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள், அது போலி. அட்டையும் முத்திரையும் அசலைவிட அழகாக இருக்கும். ஆனால் போலீஸ் நிறுத்தினால் வெறும் காகிதம், விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க நல்ல சாக்கு.

இந்தப் போலிகள் பிழைப்பதற்கு நம் அலுவலகங்களும் ஒரு காரணம். ஒரு இடத்தில் டிக்கெட் நகல் கேட்பார்கள், இன்னொரு இடத்தில் விசா நகல், மூன்றாவது இடத்தில் ‘சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாங்க’. ஆயிரம் ரூபாய் வேலைக்கு வாசலில் நிற்கும் புரோக்கர் பல மடங்கு கேட்பார். இத்தனை வருடமாக இதையே சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே நேரில் போய் வாங்கிவிடுங்கள். ஸ்பெயின் போன பிறகு அங்கே எந்த அலுவலகமும் உங்களுக்கு இதைத் தராது.

அடுத்தது, நம் ஆட்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும் ஒரு சிக்கல்: இனிஷியல். லைசன்ஸில் ‘கார்த்திக் பி’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் பழனிசாமி’, கிரெடிட் கார்டில் ‘பி கார்த்திக்’ என்று இருக்கும். நமக்கு மூவரும் ஒரே ஆள். வாடகைக் கார் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு மூன்று பேர். எழுத்து மட்டும் சுருங்கியிருந்தால் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பிறந்த தேதியைச் சுட்டிக்காட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பெயரே வேறாக இருந்தால், அதாவது லைசன்ஸில் வீட்டுப் பெயர், பாஸ்போர்ட்டில் பள்ளிப் பெயர் என்றிருந்தால், முதலில் லைசன்ஸைத் திருத்திவிட்டு ஐ.டி.பி. வாங்குங்கள், ஏனென்றால் லைசன்ஸில் உள்ள பெயர்தான் ஐ.டி.பி.யிலும் வரும். முன்பதிவைப் பாஸ்போர்ட் பெயரிலேயே செய்யுங்கள். வைப்புத்தொகை பிடிக்கும் கிரெடிட் கார்டும் ஓட்டுபவர் பெயரில் இருக்க வேண்டும். அம்மா கார்டு, அப்பா கார்டு எல்லாம் அங்கே செல்லாது. மகனுக்குச் சொந்தக் கார்டு இல்லையென்றால் உங்கள் வங்கியில் அவர் பெயர் பொறித்த ஆட்-ஆன் கார்டு கேளுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் திறந்துவிடவும் மறக்காதீர்கள்.

கவுன்டரில் இன்னொரு நாடகமும் நடக்கும். இணையத்தில் சல்லிசாகப் பதிவு செய்த காருக்கு, ‘இந்தக் காப்பீடும் எடுக்காவிட்டால் பெரிய தொகையைக் கார்டில் பிடித்துவைப்போம்’ என்பார்கள். பிடித்துவைப்பது உண்மைதான், காரில் கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுத்தால் விடுவித்துவிடுவார்கள். அதனால் எடுக்கும்போதே காரைச் சுற்றி ஒரு வீடியோ, சக்கரத்தையும் சேர்த்து. எரிபொருள் விஷயத்தில் ‘நிறைத்து வாங்கி நிறைத்துக் கொடு’ என்ற திட்டத்தை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

சரி, சாலை. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்த கோவைக்காரர் ஃப்ரிஹிலியானாவுக்குப் பயப்பட வேண்டாம். மாலகாவிலிருந்து கிழக்கே ஏ-7 நெடுஞ்சாலை, இந்தப் பக்கம் சுங்கம் கிடையாது. ஒரு மணி நேரத்தில் நெர்ஹா என்ற கடற்கரை ஊர் வந்துவிடும். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஏற்றம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர்தான். பயப்பட வேண்டியது வலப்பக்கம் ஓட்டுவதற்கும் ரவுண்டானாவுக்கும். உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை, அவர் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வருவார். ஆட்டோமேட்டிக் கியர் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள், கேட்காவிட்டால் மேனுவல்தான் வரும், அதன் கியர் வலது கையில் இருக்கும்.

ஊருக்குள் காரை விடாதீர்கள். மேப் காட்டும் சந்து, நாலு அடி போனதும் படிக்கட்டாக மாறும். நுழைவிலேயே வண்டி நிறுத்தும் இடம் உண்டு. வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு கூடவே கூடாது. அபராதம் வந்தால் 20 நாளுக்குள் கட்டுபவருக்குப் பாதித் தொகைதான். ஆனால் உங்கள் பெயரைப் போலீசுக்குக் கொடுத்த ‘சேவை’க்கு வாடகை நிறுவனம் தனியாக வசூலிக்கும், அதற்குத் தள்ளுபடி கிடையாது.

வண்டியை விட்டு, மூர்கள் (முன்பு ஸ்பெயினில் வாழ்ந்த வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள்) இருந்த பழைய குடியிருப்புக்குள் நடந்து ஏறுங்கள். கூழாங்கல் பதித்த படிகள், வழுக்காத செருப்பு வேண்டும். சைவம் என்றால் வறுத்த கத்தரிக்காய் மேல் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள், கேட்டுச் சாப்பிடுங்கள். பாகு அந்த ஊர் ஆலையிலேயே காய்ச்சுவது. உங்களுக்கு மனசு கேட்கவில்லையென்றால் மாலகாவிலிருந்து நெர்ஹாவுக்குப் பஸ், அங்கிருந்து மேலே சின்னப் பஸ்ஸோ டாக்சியோ உண்டு. இதைக் கேட்டால் மகன் கோபிப்பார்.

காரைத் திருப்பிக் கொடுக்குமுன் பெட்ரோல் பங்கில் கவனம். ‘கசோலினா’ என்றால் பெட்ரோல், ‘கசோலியோ’ என்றால் டீசல். எரிபொருள் டாங்க் மூடியின் உட்புறம் வட்டக் குறி இருந்தால் பெட்ரோல், சதுரம் இருந்தால் டீசல். நிறைத்த பிறகு எரிபொருள் அளவு காட்டும் முள்ளை ஒரு போட்டோ, ரசீதை ஒரு போட்டோ.