வடக்கே பளிச்சென்று நிற்கும் வெள்ளி துருவ நட்சத்திரமா?

வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “காலபோக நெல்லுக்கு இரவில் காவல் இருக்கிறேன். தை மாதத்தில் 9 மணிபோல வடக்கே நல்ல உயரத்தில் பெரிய வெள்ளி ஒன்று நிற்கும். துருவ நட்சத்திரம் என்று மகளுக்குக் காட்டினேன். ஆனால் விடியச்சாமத்தில் அது இறங்கிப் போய்விடுகிறது. அசையாத நட்சத்திரம் என்றுதானே படித்தோம்?”

படித்தது சரி, காட்டியதுதான் வேறு. அது பிரம்மஹிருதயம், கபெல்லா என்றும் சொல்வார்கள். வானத்தின் வடபாதியில் சுவாதிக்கும் அபிஜித்துக்கும் அடுத்தபடி ஒளி கூடியது, லேசான மஞ்சள் நிறம், ஏறக்குறைய 43 ஒளியாண்டு தூரம். தை நடுவில் இரவு 9 மணியளவில் நேர்வடக்கே அடிவானத்திலிருந்து 50 பாகைக்கு மேலே நிற்கும், 3 மணி தாண்டினால் வடமேற்கில் மறையும். நீங்கள் பார்த்தது அப்படியே பொருந்துகிறது.

துருவ நட்சத்திரம்தான் வானிலேயே பெரிய ஒளி என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. உண்மையில் கபெல்லா அதைவிட ஏறக்குறைய 6 மடங்கு பிரகாசமாகத் தெரியும். அதோடு, ஓரிடத்தின் அகலக்கோடு எத்தனை பாகையோ, துருவ நட்சத்திரமும் அங்கே ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில்தான் நிற்கும். வன்னி 9 பாகையில் இருக்கிறது. கையை முழுதாக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அந்த முட்டியின் அகலம் 10 பாகை. அடிவானத்தில் அந்த முட்டியை வையுங்கள். அதன் மேல்விளிம்பை ஒட்டித்தான் தேட வேண்டும். காட்டோரத்தில் நின்றால் பாலை, வீரை மரங்கள் மறைத்துவிடும். வடக்கே வயல்வெளி விரிந்து கிடக்கும் குளக்கட்டுத்தான் நல்ல இடம். இரணைமடுக் கட்டு அப்படிப்பட்டது. அமாவாசையை அண்டிய, பனிப்புகார் இல்லாத இரவாகப் பாருங்கள். டோர்ச்சை அணைத்து 20 நிமிடமாவது கண்ணைப் பழக்க வேண்டும், அடிவானப் புழுதியில் துருவ நட்சத்திரத்தின் ஒளி இன்னும் மங்கிவிடும். ஆனை நடமாட்டம் உள்ள இடமென்றால் பரணை விட்டு இறங்கவே வேண்டாம்.

வழிகாட்டச் சப்தரிஷி மண்டலம் இருக்கிறது. தை நடுவில் இரவு 11 மணிக்குப் பிறகு வடகிழக்கில் ஏழும் முழுதாக ஏறியிருக்கும். அகப்பை போன்ற அந்த உருவம் அப்போது காம்பு கீழேயிருக்க நிற்கும். அகப்பையின் வாய்ப்பக்கம், காம்புக்கு எதிர்விளிம்பில் உள்ள இரண்டு வெள்ளிகளைப் பிடியுங்கள். இரண்டுக்கும் இடையே நீட்டிய கையின் மூன்று விரல் அகலம். அந்தக் கோட்டை அகப்பையின் வாய் திறந்த பக்கமாக ஐந்து மடங்கு நீட்டினால், தனியாக ஒரு மங்கல் வெள்ளி நிற்கும். அதுதான் துருவன். 2.30 மணிபோல அந்த இரண்டும் அதற்கு நேர்மேலே வந்துவிடும், அப்போது பார்ப்பது இன்னும் சுலபம்.

படங்களில் அகப்பை நிமிர்ந்திருக்கும். வன்னி வானில் உச்சியில் வரும்போது வாய் கீழே கவிழ்ந்திருக்கும். நிமிர்ந்த கோலத்தில் அது எங்கள் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். இதைத் தெரியாமல் தேடிச் சலித்தவர்கள் பலர்.

கண்டது சரிதானா என்று பரணிலேயே சோதிக்கலாம். பரண் கப்பு (தூண்) ஒன்றில் தலையைச் சாய்த்து உட்காருங்கள். எதிரே உள்ள வேலித் தடி ஒன்றின் நுனியில் அந்த வெள்ளி தொடும்படி இடத்தைச் சரிசெய்யுங்கள். தலை இருந்த இடத்தில் கப்பில் ஒரு கோடு கீறி வைத்து, இரண்டு மணித்தியாலம் கழித்து அதே கோட்டில் தலையை வைத்துப் பாருங்கள். துருவன் தடி நுனியிலேயே இருக்கும். கபெல்லாவை இப்படிச் சோதித்தால் தடியை விட்டு வெகுதூரம் போயிருக்கும். மகளை வைத்துச் செய்யுங்கள், மறக்கவே மாட்டாள். துருவன் உண்மையான துருவத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவாகவே விலகியிருக்கிறது. அதனால்தான் அசைவு கண்ணுக்குத் தெரியாது.

அகப்பைக் காம்பில் நடுவே உள்ளதையும் மகளுக்குக் காட்டுங்கள். அதுதான் வசிட்டர், ஒட்டினாற்போலச் சின்னதாக நிற்பது அருந்ததி. கலியாண வீட்டில் ஐயர் பகல் வெளிச்சத்தில் கைகாட்டும் அந்த அருந்ததியை உங்கள் பரணிலிருந்து நிசமாகவே பார்க்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் கண் நன்றாக இருக்கிறது.

சித்திரை பிறந்தபின் இத்தனை நேரம் விழித்திருக்க வேண்டியதில்லை. மாத நடுவிலிருந்து இரவு 9 மணிபோலவே அகப்பை வடக்கே கவிழ்ந்து நிற்கும்.