விடியப்புறத்து யோசனை

கேள்வி: எனக்கு 29 வயது. வீட்டில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். இந்த முறை 14 பேரில் 13 பேர் சித்தியடைந்தார்கள், ஒரு பிள்ளை தவறிவிட்டாள். அவளுடைய தாய் அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதில்லை. எனக்குப் படிப்பிக்கத் தெரியாது, எனக்கு இனி ஒன்றும் சரிவராது என்ற யோசனைதான் எந்நேரமும். இரண்டு மாதமாக விடியப்புறம் மூன்று மணிக்கே முழிப்பு வருகிறது. தலையிடி, சாப்பிட மனமில்லை. வகுப்பையும் நிறுத்திவிட்டேன். "கண்டதையும் யோசிக்காதே, கோயிலுக்குப் போய் வா" என்கிறார் அம்மா. இப்படி இருந்து என்ன என்றும் சிலவேளை தோன்றுகிறது. யோசித்து யோசித்தே வருத்தத்தைத் தேடிக்கொண்டேனா?
- பெயர் வேண்டாம், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, "இப்படி இருந்து என்ன" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் கேட்கிறேன். செத்துப்போகலாம் என்ற அளவுக்கு அந்த எண்ணம் போகிறதா? போகிறதென்றால் மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். இப்பவே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. இரவிலும் எடுக்கலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மனச்சோர்வு என்ற வருத்தம் போலத் தெரிகிறது. நீங்கள் தேடிக்கொண்ட வருத்தம் இல்லை இது. பரம்பரை, இழப்பு, தைரொயிட் குறைபாடு என்று மனச்சோர்வுக்குப் பல காரணங்கள் சேரும். ஆனால் வந்த சோர்வைப் போகவிடாமல் பிடித்துவைப்பதில் நாம் யோசிக்கிற விதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க உளமருத்துவர் தன் நோயாளிகளிடம் இதைத்தான் கவனித்தார். நான் உதவாதவள், சுற்றியிருப்பவர்களும் எனக்கு எதிர், இனியும் ஒன்றும் மாறாது என்று மூன்று பக்கமும் அவர்களுடைய யோசனை இருண்டு கிடந்தது. உங்கள் கடிதத்திலும் மூன்றும் இருக்கின்றன.

பெறுபேற்றையே எடுங்கள். சித்தியடைந்த 13 பிள்ளைகளுக்கு நீங்கள் ஒதுக்கியது அரை வரி. மனம் சோர்ந்தால் ஞாபகமும் ஒருபக்கம் சாய்ந்துவிடும். தோற்றதெல்லாம் கேட்காமலே வரும், வென்றதைத் தேடினாலும் கிடைக்காது. அந்தத் தாய் ஏன் கதைக்கவில்லை? மகள் தவறியதில் வெட்கமாக இருக்கலாம், வீட்டில் வேறு பிரச்சினை இருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை, பதிலை மட்டும் உங்களுக்கு எதிராக முடிவு செய்துவிட்டீர்கள். அப்புறம் வகுப்பையும் நிறுத்தினீர்கள். இப்போது "ரீச்சர், இந்தக் கணக்கு விளங்கேல்லை" என்று கொப்பியோடு வந்து நிற்க ஒரு பிள்ளையும் இல்லை. உங்களுக்குப் படிப்பிக்கத் தெரியும் என்று காட்ட வீட்டில் ஒன்றுமே மிஞ்சவில்லை. யோசனை கூடத்தானே செய்யும்?

அம்மாவோடு கோபிக்க வேண்டாம். கோயிலுக்குப் போனால் நாலு பேரைக் காணலாம், நல்லதுதான். ஆனால் யோசிக்காதே என்று சொல்லி யாருடைய யோசனையும் நின்றதில்லை. அதை எழுதிப் பாருங்கள். விடியப்புறம் வேண்டாம், இந்த வருத்தத்தில் பலருக்கு அதுதான் மிக மோசமான நேரம். பகலில் ஒரு கொப்பியில் வந்த யோசனையை எழுதி, உண்மையில் நடந்தது என்ன, வேறு காரணம் இருக்கலாமா என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரேயொரு பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் படிப்பியுங்கள். மனம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வருத்தத்தில் பெரும்பாலும் செய்யத் தொடங்கிய பிறகுதான் மனம் வரும்.

இவற்றோடு வைத்தியரிடமும் போகவேண்டும். இரண்டு கிழமை தொடர்ந்து இப்படி இருந்தாலே காட்டவேண்டும், உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. மருந்து தந்தால் குணம் தெரியச் சில கிழமை எடுக்கும், இடையில் நீங்களாக நிறுத்தாதீர்கள். "விசருக்கு மருந்து எடுக்கிறாளாம், இனிக் கலியாணம் எப்படி" என்று ஊர் கதைக்கும் என்ற பயம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்தப் பயத்தில் வருடக்கணக்காகத் தலையிடிக் குளிசை மட்டும் போட்டுக்கொண்டு இருப்பவர்கள் நம் ஊரில் அதிகம். நீங்கள் அப்படி இருக்கவேண்டாம். தனியப் போக ஏலாவிட்டால் இந்தப் பக்கத்தை அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்து, அவரையும் கூட்டிக்கொண்டு இந்தக் கிழமையே போங்கள்.