நாளாந்தம் வாசிப்பவர் ஏன் விளம்பரத்தைத் தொடுவதில்லை?

கேள்வி: கிளிநொச்சியிலிருந்து நெற்செய்கை பற்றி இணையத்தில் எழுதுகிறேன். நாளாந்தம் வருபவர்கள் விளம்பரத்தைத் தொடுவதில்லை, புதியவர்கள்தான் தொடுகிறார்கள். ஏன்?

தம்பி, நாளாந்தம் வருபவர் உங்கள் எழுத்துக்காக வருகிறார். பக்கத்தில் எது எங்கே இருக்கும் என்பது அவர் கண்ணுக்குப் பழகிவிட்டது. விளம்பரம் இருக்கும் மூலையை அது பாராமலே தாண்டிவிடும். ‘பதாகைக் குருடு’ என்று 1998இலேயே ஆய்வாளர்கள் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

தேடி வருபவர் கதை வேறு. சிறுபோகம் தொடங்க முன்னம் ‘தண்ணிப் பம்பி விலை’ என்று கூகுளில் தேடுகிற கண்டாவளைக்காரர் வாங்கும் எண்ணத்தோடுதான் வருகிறார். அவருக்கு வேண்டிய விடை உங்கள் கட்டுரையில் இல்லாவிட்டால், பக்கத்தில் தெரியும் பம்பி விளம்பரமே விடையாகிவிடும். முகநூல் இணைப்பால் வருபவர் பாதி வாசித்துவிட்டுத் திரும்பிவிடுவார். அவரிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து ஊர்ப் பாசத்தில் வாசிப்பவருக்கு அந்தந்த நாட்டு விளம்பரம்தான் தெரியும். அங்கே விளம்பரதாரர் கொடுக்கும் விலை பொதுவாகக் கூட, அதனால் ஒரு தொடுகைக்கு உங்களுக்கும் அதிகமாகக் கிடைக்கும்.

கைபேசியில் பெருவிரல் தவறிப்பட்டு வரும் தொடுகைகளும் உண்டு. உங்கள் பக்கத்துக்கு விளம்பரம் தருவது கூகுள் என்றால், அவற்றில் பெரும்பாலானவற்றை அது கண்டுபிடித்து உங்கள் வருமானத்தில் கழித்துவிடும். சிநேகிதரைக் கொண்டு தொடுவிக்க மட்டும் வேண்டாம், உங்கள் விளம்பரக் கணக்கையே மூடிவிடக்கூடும்.

வழக்கமான வாசகரை வீணென்று நினைக்காதீர்கள். நீங்களே பாவித்துப் பார்த்த விதைநெல்லை விற்கும் கடையிடம் நேரடியாக விளம்பரம் வாங்கி, அது விளம்பரம் என்று சொல்லியே போடுங்கள். உங்கள் சொல்லை நம்புகிற அவர்தான் முதலில் அந்தக் கடைக்குப் போவார்.