வினையும் அதன் செயப்படுபொருளும்

மதிப்பிற்குரிய ஐயா,

போட்டித் தேர்வுக்காக ஆங்கிலம் படிக்கிறேன். சீ–லுக்–வாட்ச், சே–டெல், ராப்–ஸ்டீல் போன்ற வினைகளுக்கு என் கையேட்டில் ஏறத்தாழ ஒரே தமிழ்ப் பொருள்தான் உள்ளது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொருளோடு ஒரு பட்டியல் தருவீர்களா?

ர.

அன்புள்ள ர.,

சில நாட்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததையே கேட்டிருக்கிறீர்கள். ஆனால் பட்டியல் தர மாட்டேன். உங்களைப் போன்ற உழைப்பாளிப் பிள்ளைகள் இத்தகைய பட்டியல்களை மனப்பாடம் செய்தே இரவுகளைத் தொலைப்பது எனக்கு வருத்தத்தையும் கோபத்தையும் ஒருங்கே தருகிறது.

சீ, லுக், வாட்ச் பெரிய சிக்கல் அல்ல. தானாகக் கண்ணில் படுவது சீ, கண்ணைத் திருப்பிப் பார்ப்பது லுக், நடப்பதைத் தொடர்ந்து கவனிப்பது வாட்ச். அதை விடுங்கள்.

ராப், ஸ்டீல் இரண்டையும் பாருங்கள். வன்முறை இருந்தால் ராப் என்று கையேடுகள் சொல்லும். அது தவறில்லை, ஆனால் அதை வைத்து ஒரு வாக்கியம் அமைக்க முடியாது. பறிகொடுத்த மனிதரோ இடமோ ராப் என்பதன் செயப்படுபொருளாக வரும். பறிபோன பொருள் ஸ்டீல் என்பதன் செயப்படுபொருளாக வரும். நாமோ வங்கியையும் கொள்ளையடித்தார்கள் என்போம், நகையையும் கொள்ளையடித்தார்கள் என்போம். ஆகவே 'கொள்ளையடி', 'திருடு' என்று பிரித்து எழுதிக்கொண்டாலும் உங்கள் வாக்கியம் பிழையாகவே அமையக்கூடும்.

1924இல் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பான் சென்ற ஏ. எஸ். ஹார்ன்பி, மாணவர்களுக்குப் பொருள் மட்டும் போதாது என்று கண்டு, ஒவ்வொரு வினையும் எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்பதைக் குறியீடுகளால் காட்டும் அகராதியை இரு நண்பர்களுடன் தொகுத்தார். 1942இல் டோக்கியோவில் அச்சான அந்நூலை 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. அதன் பிற்காலப் பதிப்பொன்றைக் கல்லூரியில் என் கையில் கொடுத்த ஆசிரியர், பொருளை மூடிக்கொண்டு எடுத்துக்காட்டுகளை மட்டும் படிக்கச் சொன்னார். எங்கள் வகுப்பு முழுவதும் 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 'டெல் மீ' சரி, ஆனால் எக்ஸ்ப்ளெய்னுக்குப் பின் 'டு மீ' என்றுதான் வர வேண்டும் என்பதை அந்த எடுத்துக்காட்டுகளில்தான் கண்டேன். 'எனக்குச் சொல்', 'எனக்கு விளக்கு' என்று தமிழில் இரண்டிலும் ஒரே நான்காம் வேற்றுமை வருவதால், நம் காது அங்கே நம்மை எச்சரிப்பதில்லை. சே என்பதற்கும் அதே 'டு' வேண்டும். டெல் கேட்பவரை நேராக ஏற்கும்.

அந்தக் கையேட்டை ஒதுக்கிவிட்டு, எக்ஸ்ப்ளெய்ன், டிஸ்க்ரைப், சஜஸ்ட் ஆகிய மூன்றையும் ஒரு நல்ல ஆங்கில அகராதியில் எடுத்து, எடுத்துக்காட்டுகளை மட்டும் படித்து, உங்கள் சொந்த வாக்கியங்களை எழுதி அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன்.