எட்டு டீம், ஏழு ஞாயிறு: ஊர் லீக்கை அடிதடி இல்லாமல் முடிப்பது எப்படி?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வருஷா வருஷம் கால்பந்தில் செவன்ஸ் (ஒரு டீமுக்கு ஏழு பேர்) நாக்-அவுட் நடத்துகிறோம். காலையில் தோற்ற டீம் டிபன் நேரத்துக்கே வீட்டுக்குப் போய்விடுகிறது. இந்த முறை ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) மாதிரி லீக்காக நடத்த ஆசை. எட்டு டீம், ஒரே மைதானம், ஞாயிறு மட்டும். ஃபிக்ஸ்ச்சர் (யார் யாரோடு எப்போது என்ற அட்டவணை) எப்படிப் போடுவது? புள்ளி சமமானால் கோப்பை யாருக்கு?"

ஃபிக்ஸ்ச்சர் சின்ன வேலை, முதலில் அதை முடித்துவிடுவோம். எட்டு டீமும் ஒருவரோடு ஒருவர் ஒரு தடவை மோதினால் 28 ஆட்டம், வாரம் 4 வீதம் 7 ஞாயிறு. எட்டு துண்டுச் சீட்டில் எண் எழுதி மேல் வரிசையில் 1, 2, 3, 4 என்றும், அவற்றுக்கு நேர் கீழே 8, 7, 6, 5 என்றும் வையுங்கள். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் மோதும், அது முதல் வாரம். அடுத்த வாரத்துக்கு 1-ஐத் தொடாமல் மற்ற ஏழு சீட்டையும் கடிகார முள் திசையில் ஒரு இடம் நகர்த்தினால் 1-7, 8-6, 2-5, 3-4 என்று வரும். ஏழு வாரமும் இப்படியே. கடைசி நேரத்தில் ஒரு டீம் கழன்றுகொண்டாலும் கவலையில்லை, அந்தச் சீட்டோடு ஜோடி சேருகிற டீமுக்கு அந்த வாரம் ஓய்வு. ஐ.எஸ்.எல். முந்தைய சீசன்கள் மாதிரி இரண்டு சுற்று வைக்கலாமே என்று யாராவது கிளப்புவார்கள், வேண்டாம், 14 ஞாயிறுக்கு ஆள் தாங்காது.

சண்டை வருகிற இடம் புள்ளி சமமாகும்போதுதான். 2006-07-இல் ஸ்பெயின் லீக்கான லா லிகாவில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டுமே 76 புள்ளி. கோல் வித்தியாசத்தில் (போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவது) பார்சிலோனா எங்கேயோ முன்னால் இருந்தது, ஆனால் கோப்பை மாட்ரிட்டுக்குப் போனது, ஏனென்றால் ஸ்பெயினில் இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் கதையே வேறு: 2011-12-இல் மான்செஸ்டரின் இரண்டு அணிகளும் 89 புள்ளி, கோல் வித்தியாசத்தில் சிட்டி சாம்பியன். இரண்டுமே நியாயமான விதிதான். ஆனால் ஊர் லீக்குக்கு நான் நேருக்கு நேர் முறையைத்தான் சொல்வேன். உங்கள் எட்டில் ஒரு டீமாவது சுமாராக இருக்கும், ஒரு ஞாயிறு அதற்குப் பாதி ஆளே வந்திருக்கும், அன்றைக்கு அதோடு ஆடுகிறவன் பதினொரு கோல் போட்டுவிட்டுப் போவான், கோல் வித்தியாசம் பார்த்தால் கோப்பை அங்கேயே முடிவாகிவிடும். நேருக்கு நேர் ஆடிய ஆட்டமும் டிராவானால் கோல் வித்தியாசம், அப்புறம் மொத்தக் கோல், அதுவும் சமம் என்றால் பெனால்டி ஷூட்-அவுட். மூன்று டீம் சமமாக நின்றால் அந்த மூவரும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் வைத்துத் தனியாக ஒரு குட்டிப் பட்டியல் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் உண்மையான தலைவலி: மஞ்சள் அட்டைக் கணக்கு. ஐ.எஸ்.எல்.-க்கு அடுத்த நிலை லீக்கான ஐ-லீக்கின் 2024-25 சீசனைப் பாருங்கள். ஏப்ரலில் ஆட்டமெல்லாம் முடிந்தபோது கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளி, வாரணாசியின் இன்டர் காசி 39. ஆனால் ஜனவரியில் இன்டர் காசியை 2-0 என்று ஜெயித்த நாம்தாரி அணி, அட்டைகள் சேர்ந்து தடையில் இருந்த ஒரு வீரரை அன்றைக்கு இறக்கியிருந்தது. அந்த ஆட்டம் யாருக்கு என்ற வழக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குழு, மேல்முறையீட்டுக் குழு என்று சுற்றி, சுவிட்சர்லாந்தில் இருக்கிற விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போனது. சர்ச்சிலை சாம்பியன் என்று அறிவித்துக் கோப்பையும் கொடுத்த பிறகு, நடுவர் மன்றத்தின் தீர்ப்புகளால் ஜூலையில் பட்டம் 42 புள்ளியோடு இன்டர் காசிக்கு மாறியது. ஒரே ஒரு பெயர், ஒரே ஒரு டீம் ஷீட் (அன்றைக்கு ஆடுகிறவர்களின் பட்டியல்)!

அதனால் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு டீமுக்கும் ஒரு பக்கம், 14 பெயர், ஆதார் நகலோடு, முதல் ஞாயிறுக்கு முன்னால் பதிவு மூடிவிட வேண்டும் (இல்லாவிட்டால் ஐந்தாவது வாரம் வேலூரிலிருந்து இரண்டு கல்லூரிப் பையன்கள் "எங்க மாமா ஊர்" என்று வந்து நிற்பார்கள்). பெயருக்கு நேராக ஏழு கட்டம், அட்டை வாங்கினால் அந்த வாரக் கட்டத்தில் ம அல்லது சி என்று எழுதி, ஆட்டம் முடிந்ததும் ரெஃப்ரியிடமும் இரண்டு கேப்டனிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஏழே ஆட்டம் என்பதால் மூன்று மஞ்சளுக்கு ஒரு ஆட்டம் தடை போதும், சிவப்புக்கு உடனே அடுத்த ஆட்டம். சனிக்கிழமை ராத்திரி தடைப் பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள், தடையில் இருக்கிறவனை இறக்கினால் எதிரணிக்கு 3-0.

கடைசி ஞாயிறு மட்டும் வேறு ஏற்பாடு வேண்டும். 1982 உலகக் கோப்பையில் மற்ற ஆட்டம் முந்தின நாளே முடிந்திருந்ததால், மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 போதும், இரண்டு பேருமே அடுத்த சுற்று என்று தெரிந்துகொண்டு மைதானத்தில் உலாவினார்கள். அதற்கப்புறம்தான் குரூப்பின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கிற வழக்கம் வந்தது. ஒரே மைதானம் என்கிறீர்கள், முழு அளவு மைதானம்தானே? குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டால் இரண்டு செவன்ஸ் களம் கிடைக்கும். கோப்பைக்கு நிற்கிற டீம்களின் ஆட்டங்களை அன்றைக்கு ஒரே விசிலில் தொடங்குங்கள்.

எப்போது தொடங்குவது? நம் பக்கத்து வெயிலுக்கு மார்ச் நடுவில் முடித்தே ஆக வேண்டும், காலை ஆறரைக்கே முதல் ஆட்டம். ஜனவரி நல்ல மாதம்தான், ஆனால் பொங்கல் தொடங்கி ஒவ்வொரு ஊராக எருது விடும் விழா வரும், அந்த ஞாயிறில் உங்கள் டீமில் பாதிப் பேர் தடுப்புக் கட்டை மேல் உட்கார்ந்திருப்பான். எட்டு ஊர்த் தேதியையும் முன்கூட்டியே கேட்டு இரண்டு ஞாயிறைக் காலியாக விடுங்கள். நோன்பு மாதம் குறுக்கே வந்தால் பேரணாம்பட்டு டீம் மாதிரி ஆட்களைக் கேட்காமல் தேதி வைக்காதீர்கள், லைட் இருந்தால் ராத்திரி ஆட்டம், இல்லாவிட்டால் பெருநாள் வரை நிறுத்தி வையுங்கள்.

நுழைவுக் கட்டணத்தோடு ஒரு டெபாசிட்டும் வாங்குங்கள், ஏழாவது ஆட்டமும் ஆடி முடித்தால்தான் திரும்பக் கிடைக்கும் என்று. மூன்று ஆட்டத்தோடு ஒரு டீம் ஓடிவிட்டால் அதன் எல்லா முடிவையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம், நான்கோ அதற்கு மேலோ ஆடியிருந்தால் ஆடியது அப்படியே இருக்கட்டும், மிச்ச எதிரணிகளுக்கு 3-0 கொடுங்கள். இதை டெபாசிட் ரசீதின் பின்பக்கத்திலேயே அச்சடித்துவிட்டால் பணத்தைக் கேட்டு வருகிறவரிடம் தனியாக விளக்க வேண்டியிருக்காது.