நேரா பிசினஸ் ஸ்கூலுக்கா, உள்ளே போய் மாறுவதா? வேலூர் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்க, கனடா பல்கலைக்கழகங்களில் இளநிலை பிசினஸ் படிப்பில் சேர்வது பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து ஆரணியிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. எம்பிஏ கேள்விகளை இதில் சேர்க்கவில்லை.

காட்பாடி, பிளஸ் டூ மாணவி: பிசினஸ் ஸ்கூலுக்கு நேரா போட்டா கிடைக்காது, எகனாமிக்ஸ் போட்டு உள்ளே போய் ஒரு வருஷத்துல மாத்திக்கலாம்னு கன்சல்டன்சியில சொல்றாங்க. நம்பலாமா சார்?

நம்பி இறங்காதீர்கள் அம்மா. முதலில் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: மாற்றம் கிடைக்கவே இல்லை என்றால், அந்த எகனாமிக்ஸை நாலு வருஷமும் மனசோடு படித்து முடிப்பீர்களா? முடிப்பேன் என்றால் போடுங்கள். இல்லையென்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பமே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். பிளஸ் டூவிலிருந்து நேராக எடுக்கும் பிசினஸ் ஸ்கூல்களில் பெரும்பாலான இடங்கள் அப்போதே நிரம்பிவிடும். உள்மாற்றத்துக்கு இருப்பது மிச்சம். அந்த மிச்சத்துக்கு உங்களோடு போட்டி போடுகிறவர்களும் அதே பல்கலைக்கழகத்துக்குள் ஏற்கனவே தேறி வந்தவர்கள்தான்.

அடுத்தது நேரம். முதல் செமஸ்டர் மார்க் டிசம்பரில் வரும். மாற்ற விண்ணப்பம் பல இடங்களில் அடுத்த செமஸ்டர் நடுவிலேயே முடிந்துவிடும். அதனால் பெரும்பாலும் ஒரே ஒரு செமஸ்டர் மார்க்தான் உங்களுக்காகப் பேசும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 கிரெடிட் எடுக்கிறீர்கள், அதில் கால்குலஸ் 4 கிரெடிட். மற்ற எல்லாவற்றிலும் ஏ, கால்குலஸில் மட்டும் பி என்றால் ஜிபிஏ (நாலுக்கு எடுக்கும் சராசரி) 3.73. அதே கால்குலஸில் சி பிளஸ் என்றால் 3.55. புது ஊர், புதுச் சாப்பாடு, முதல் குளிர்காலம், இவ்வளவுக்கும் நடுவில் எழுதுகிற பரீட்சை அது.

முன்தேவைப் பாடங்களும் உண்டு. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃபாஸ்டர் ஸ்கூலுக்கு உள்ளிருந்து போகிறவர்கள் இரண்டு அக்கவுண்டிங் பாடம், மைக்ரோ எகனாமிக்ஸ், கால்குலஸ், புள்ளியியல், வணிகச் சட்டம், ஆங்கிலக் கட்டுரைப் பாடம் என்று வரிசையாக முடிக்க வேண்டும். இதில் எதையும் 'பாஸ் / ஃபெயில்' முறையில் எடுத்துவிடாதீர்கள். எழுத்து கிரேடு இல்லாத முன்தேவைப் பாடத்தைப் பெரும்பாலான பிசினஸ் ஸ்கூல்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆம்பூர், மாணவரின் தந்தை: எங்களுக்குத் தோல் தொழில். பையன் படிச்சிட்டு வந்து இதைத்தான் பார்க்கப்போறான். நேரடியா போடலாம்னு இருக்கோம். விண்ணப்பக் கட்டுரையில என்ன எழுதணும்?

உங்கள் பையன் நேரடியாகவே போடட்டும். கட்டுரையில் "சிறுவயதிலிருந்தே தொழிலதிபர் ஆக ஆசை" என்று தொடங்கினால் ஆயிரத்தில் ஒன்றாகப் போய்விடும். ஷெட்டுக்குள் அவன் கண்ணால் பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். ஒரு ஜோடி ஷூ மேல்பாகத்துக்கு எத்தனை சதுர அடி தோல் போகிறது, கழுத்துப் பக்கமும் வயிற்றுப் பக்கமும் வெட்டும்போது எவ்வளவு கழிகிறது, ஐரோப்பிய வாங்குபவர் டாலரில் பேசாமல் யூரோவில் பேசினால் விலை எப்படி மாறுகிறது, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டுகிற பணம் அடக்க விலையில் எங்கே உட்காருகிறது என்று.

1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்துகிறவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் ஊர்த் தோல் பதனிடும் ஷாப்புகளை வைத்துத்தான் உறுதிசெய்தது. அந்தச் செலவு உங்கள் கணக்குப் புத்தகத்தில் எந்த வரியாக இருக்கிறது என்று ஒரு பதினேழு வயதுப் பையன் எழுதினால், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். ஒன்று மட்டும்: எழுதுவது அவனாக இருக்க வேண்டும்.

குடியாத்தம், பிளஸ் ஒன் மாணவர்: நான் காமர்ஸ் குரூப். கணக்கு இல்லை, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்தான் இருக்கு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன் தம்பி. நேரடிச் சேர்க்கையோ உள்மாற்றமோ, எந்த வழியில் போனாலும் கால்குலஸ் வாசலில் நிற்கும். உங்கள் பள்ளியில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள குரூப் இருந்தால், தலைமையாசிரியரிடம் இந்த வாரமே கேளுங்கள். பிளஸ் ஒன்னில் வகைநுண்கணிதமும் பிளஸ் டூவில் தொகைநுண்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் அந்தப் பாடத்தில் இருக்கின்றன. விண்ணப்பத்தில் வெறும் 'பிசினஸ் மேத்ஸ்' என்று போட்டால், வட்டிக் கணக்குப் பாடம் என்று அங்கே நினைத்துவிடுவார்கள். பள்ளி தரும் கடிதத்தில் பாடத் தலைப்புகளைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

அரக்கோணம், மாணவர்: பெர்க்லியில எகனாமிக்ஸ் சேர்ந்து ரெண்டாம் வருஷம் அங்கேயே இருக்கற ஹாஸ் பிசினஸ் ஸ்கூலுக்கு மாறலாம்னு ஒரு வீடியோவுல பார்த்தேன்.

பழைய வீடியோ. 2024 இலையுதிர் காலம் முதல் ஹாஸ் முதலாண்டிலேயே மாணவர்களை நான்கு வருடப் படிப்புக்கு எடுக்கிறது. அதற்கு முந்தைய அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது. எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் நீங்கள் சேரும் ஆண்டுக்கான பக்கத்தை அவர்கள் தளத்திலேயே படியுங்கள்.

ராணிப்பேட்டை, மாணவி: இதுக்கெல்லாம் ஏன் சார் பிசினஸ் ஸ்கூல்? எகனாமிக்ஸ் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பு, முடிச்சதும் அமெரிக்காவுல மூணு வருஷம் வேலை பார்க்கலாம். ஃபைனான்ஸ்னா ஒரு வருஷம்தான். மாறாம இருக்கறதே லாபம் இல்லையா?

நல்ல வாதம், ஆனால் பாதிதான் சரி. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்குப் படிப்பு முடிந்ததும் ஓபிடி, அதாவது அங்கே வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம். ஸ்டெம் பட்டியலில் உள்ள பட்டமாக இருந்தால் இன்னும் 24 மாதம். பட்டத்தின் பெயரைப் பார்க்க மாட்டார்கள், ஐ-20-ல் (பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் சான்று) அச்சான சிஐபி எண்ணைத்தான் (படிப்பின் வகையைக் காட்டும் குறியீடு) பார்ப்பார்கள். பொது எகனாமிக்ஸ் 45.0601, அது பட்டியலில் இல்லை. எகனாமெட்ரிக்ஸ், அளவியல் எகனாமிக்ஸ் 45.0603, அது இருக்கிறது. ஒரே பெயர் கொண்ட பட்டத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் ஒரு எண்ணும் இன்னொன்று வேறு எண்ணும் தரும்.

ராணிப்பேட்டை மாணவி மறுபடியும்: அப்போ 45.0603 இருக்கற இடமா பார்த்துப் போட்டா என் வாதம் நிக்குதே!

நிற்கிறது. அங்கே வேலை பார்ப்பதுதான் முதல் குறிக்கோள் என்றால் நீங்கள் சொல்வது நல்ல வழி. ஆனால் பிசினஸ் ஸ்கூலுக்குள்ளேயும் ஸ்டெம் உண்டு. மேனேஜ்மென்ட் சயின்ஸ் 52.1301 பட்டியலில் இருக்கிறது. பிசினஸ் அனலிட்டிக்ஸ் 2022 ஜனவரியில் சேர்ந்தது. ஃபைனான்ஸ் 52.0801 இல்லை. ஆக, பிசினஸ் என்றாலே ஒரு வருஷம்தான் என்பது தவறு.

மேல்விஷாரம், மாணவர்: அவங்க சொல்றதை நான் ஏத்துக்கலை. வேலைக்கு எடுக்கற கம்பெனிங்க பிசினஸ் ஸ்கூல் வளாகத்துக்குத்தான் வருது. மூணு வருஷ அனுமதி இருந்து வேலை கிடைக்கலைன்னா?

நீங்கள் சொல்வதும் உண்மை. ஓபிடியில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்க முடியாது. ஸ்டெம் நீட்டிப்பும் சேர்ந்தால் 150 நாள். நீட்டிப்புக்கு நிறுவனம் இ-வெரிஃபையில் (ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அமெரிக்க அரசுத் தளம்) பதிவாகி இருக்கவும் வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் பிசினஸ் ஸ்கூலின் வேலைவாய்ப்பு அலுவலகத்தை அதன் மாணவர்களுக்கு மட்டுமே திறக்கின்றன, சில எல்லோருக்கும் திறக்கின்றன. சேர்க்கைக் கடிதம் வந்ததும் மின்னஞ்சலில் கேளுங்கள்: "எகனாமிக்ஸ் மாணவர் உங்கள் வளாக நேர்காணலுக்குப் பதிவு செய்ய முடியுமா?" அந்தப் பதிலை வைத்துத்தான் நீங்கள் இருவரும் அவரவர் பட்டியலைத் திருத்த வேண்டும். ஆம்பூர்ப் பையனைப் போலத் திரும்பி வருகிறவருக்கு இந்த விவாதமே தேவையில்லை.

ஆரணி, மாணவர்: சைக்காலஜி போட்டு உள்ளே போய் பிசினஸுக்கு மாறலாமா?

காட்பாடி மாணவிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வாணியம்பாடி, மாணவர்: அன்டிக்ளேர்டுன்னு (எந்தத் துறையும் தேர்ந்தெடுக்காம) போட்டு மாறினா சுலபமா?

இதுவும் அதே கேள்விதான். பாடத்தின் பெயரை மாற்றிக் கேட்டால் பதில் மாறாது. அன்டிக்ளேர்டில் கூடுதல் ஆபத்து, விழுந்தால் பிடித்துக்கொள்ள ஒரு துறை கூட இருக்காது. மாற்றம் கிடைக்காவிட்டால் எதைப் படிப்பீர்கள்? அதைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

வேலூர், மாணவியின் தாய்: டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டினோட பிசினஸ் ஸ்கூல் மெக்கோம்ஸ் எப்படி?

போடலாம் அம்மா, ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அங்கே முதலாண்டு இடங்களில் 90 சதவீதம் டெக்சஸ்காரர்களுக்கு என்பது மாநிலச் சட்டம். மிச்சத்தில்தான் மற்ற மாநிலங்களும் உலகமும்.

திருப்பத்தூர், மாணவர்: மாறணும்னே வடிவமைச்ச படிப்பு ஏதாவது இருக்கா?

கனடாவில் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஐவி பிசினஸ் ஸ்கூல். முதல் இரண்டு வருஷம் வேறு துறை, அடுத்த இரண்டு வருஷம் எச்பிஏ என்ற இளநிலை பிசினஸ் பட்டப்படிப்பு. பிளஸ் டூவிலேயே ஏஇஓ என்ற முன் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதிலும் மார்க்கைத் தக்கவைத்தால்தான் இடம் நிலைக்கும்.

காட்பாடி, மாணவர்: விஐடியில் பி.டெக். சேர்ந்து பிபிஏவுக்கு மாற முடியுமா?

அவர்கள் சேர்க்கை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பக்கத்தில்தானே இருக்கிறீர்கள்.

சத்துவாச்சாரி, மாணவரின் தந்தை: பையன் ஏற்கனவே அமெரிக்காவுல முதலாண்டு. மாற்றம் கிடைச்சா விசா, வங்கிக் கடன் எல்லாம் என்ன ஆகும்?

விசா முத்திரையைத் தொட வேண்டாம். பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் சொன்னால் புதுத் துறையோடு புது ஐ-20 தருவார்கள். பழையதையும் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள். பல அரசுப் பல்கலைக்கழகங்களில் பிசினஸ் மாணவருக்குக் கட்டணம் கூடுதல். உங்கள் வங்கிக் கிளை பழைய தொகையை வைத்துத்தான் கடன் போட்டிருக்கும், அதனால் புது ஐ-20 வந்த அன்றே நகலோடு மேலாளரைப் பாருங்கள். முடிவு பல இடங்களில் கோடையில்தான் வரும். ஆனால் அடுத்த செமஸ்டருக்கான பாடப்பதிவு ஏப்ரல் வாக்கிலேயே நடந்துவிடும். பழைய துறைப் பாடங்களிலேயே 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் பதிவுசெய்து வைக்கச் சொல்லுங்கள். அதில் ஆன்லைன் பாடம் ஒன்றுக்கு மேல், 3 கிரெடிட்டுக்கு மேல், எஃப்-1 கணக்கில் சேராது.